கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

குட்டிம்மாவின் அம்மா, கட்டடம் வடிவமைக்கக் கற்றுத்தரும் கல்லூரியில் ஆசிரியை. பள்ளிக்கு விடுமுறை என்பதால் அன்று குட்டிம்மாவும் அவர் கூடவே போயிருந்தாள்.

வகுப்பு மேசைகளில் சின்னச் சின்ன மருத்துவமனைகள். மாணவர்கள் அட்டையில் செய்தவை. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

சுருட்டை முடியுடன் இருந்த ஓர் அக்கா செய்ததில், எல்லோரும் காத்திருக்க ஒரே பெரிய கூடம்.

“அழகா இருக்கும்மா. ஆனா, ஒருத்தர் இருமிக்கிட்டே வர்றார். பக்கத்து நாற்காலியில கைக்குழந்தை. என்ன ஆகும்?” என்று அம்மா கேட்டார்.

“குழந்தைக்கும் தொத்திக்கும், மேடம்.”

“வைத்தியம் பார்க்க வந்த இடத்துல வியாதி வாங்கிட்டுப் போகலாமா? மதியத்துக்குள்ள மாத்திடு.”

அம்மா நகர்ந்ததும், அக்கா ஓர் அட்டைத் துண்டைக் கூடத்தின் நடுவே வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

குட்டிம்மா மெல்ல அருகில் போனாள். “சுவர் வைக்கலையாக்கா? நான் பசை தடவித் தரேன்.”

“மனசு வரல கண்ணு. சின்ன வயசுல காய்ச்சல்னு என்னைத் தனி அறையில உட்கார வெச்சாங்க. சுத்தியும் சுவர். ரொம்பப் பயந்துட்டேன்.”

குட்டிம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

“எனக்கு அம்மை வந்தப்ப நானும் தனியாத்தான் இருந்தேன். ஆனா தம்பி ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்னு குரங்கு மாதிரி மூஞ்சி காட்டுவான். சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுது. நீங்களும் கண்ணாடி வெச்சிடுங்களேன்.”

அக்கா நிமிர்ந்தாள். “இருமுறவங்களுக்கு வெளிப்பக்கம் திறந்த வராந்தா. நல்லாக் காத்து வரும். நடுவுல கண்ணாடிச் சுவர்... உட்காரு, செஞ்சிடலாம்.”

அட்டையில் ஒட்டியதைவிடக் குட்டிம்மாவின் விரல்களில் ஒட்டிய பசைதான் அதிகம். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அவள் ஒவ்வொரு காகிதப் பொம்மையை நிறுத்தினாள்.

மதியம் அம்மா வந்தார். வராந்தாவை விரலால் அளந்து பார்த்தார்.

“கிருமி உள்ளே வராது, காத்தோட வெளியே போயிடும். சரிதான். இந்தப் பொம்மைங்க ஏன் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது?”

“விளையாடுறாங்க, மேடம். தனியா இருக்கிற மாதிரி தோணக் கூடாதில்ல? யோசனை குட்டிம்மாவோடது.”

அம்மா வகுப்பைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

கதவிலிருந்த கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. கன்னம் இரண்டையும் உப்ப வைத்து, கண்களை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தார்.

முதலில் சிரித்தது சுருட்டை முடி அக்காதான்.