சுவருக்குப் பின்னால் மச்சான்!

போன் அலறியது.

எடுத்தவள் 'சல்லடை'. பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கிற வேலை. சாயங்காலமானால் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு கிளப்பில் ஆட்டக்காரி, ஒழுங்குக் குழுத் தலைவி. பட்டப்பெயர் கிளப் வைத்தது.

மறுமுனையில் கிளப் தலைவர். குரலில் பதற்றம்.

"ஃபைனல்ல மோசடின்னு புகார் வந்திருக்கும்மா...!"

"யார் மேல?"

"ஜெயிச்ச நத்தை மேல..."

திடுக்கிட்டாள். நத்தை அவளுடைய சொந்தத் தம்பி!

"புகார் குடுத்தது யாரு?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"தோத்துப் போன புலி..."

புலி அவளுடைய சொந்தப் புருஷன்!

"நீங்க வேணா இந்த விசாரணையிலேர்ந்து விலகிக்கிறீங்களா?"

"எதுக்கு? ரெண்டு பேரும் என் வீட்லதான் இருக்காங்க. தேடிப் பிடிக்கிற வேலை மிச்சம்."

வாய்தான் கிண்டலடித்தது. மனசு தம்பியிடம் ஓடியது.

தம்பி ரெண்டு வருஷமாக வேலையில்லாமல் அல்லாடுகிறவன். போட்டியில் ஜெயிப்பவனுக்கு வேலை என்று அறிவித்திருந்தது, அந்த விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி. தடை விழுந்தால்... வேலை அம்போ!

சாப்பாட்டு மேஜையே கோர்ட் ஆனது.

இந்தப் பக்கம் புருஷன். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற பல் டாக்டர். அந்தப் பக்கம் தம்பி. நடுவில் ஸ்பீக்கர் போனில் தலைவர்.

"சொல்லுங்க புலி. என்ன நடந்தது?"

"என்னடி புலிங்கற...?"

"விசாரணை நடக்குது. மரியாதை!"

அவர் கனைத்துக்கொண்டார்.

"ஆட்டத்துல வர்ற பங்களாவுல மாடிப்படிக்குக் கீழ பதுங்கியிருந்தேன். இவன் சமையல்கட்டுல. நடுவுல சுவரு! நேரா சுவரைத் துளைச்சு என் மண்டையில சுட்டுட்டான். ஒரே குண்டு! நான் அங்க இருக்கறது இவனுக்கு எப்படித் தெரியும்? திருட்டு சாஃப்ட்வேர் போட்டு சுவரைத் தாண்டிப் பாக்கறான்!"

"சத்தியமா இல்லக்கா..." தம்பியின் கண் கலங்கியது.

"நீ சும்மா இரு," என்றாள்.

க்ளெய்ம் ஆபீஸில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எதிராளியைப் பேச விடு!

"சுடறதுக்கு முன்னாடி என்ன செஞ்சான்?"

"திமிருங்க!" புலிக்கு உற்சாகம் பிறந்தது. "சாவகாசமா உக்காந்து கால்ல கட்டு போட்டுக்கிட்டான். துப்பாக்கில குண்டு நிரப்பினான். அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினான்..."

"நடுவுல சுவரு இருந்துச்சுன்னீங்க?"

"ஆமா. கெட்டிச் சுவரு!"

"அப்ப அவன் கட்டு போட்டதை நீங்க எப்படிப் பாத்தீங்க?"

புலி தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"அது... ஆட்டம் முடிஞ்சப்புறம் வீடியோ பதிவுல பாத்தேன்..."

"தலைவரே, பதிவை யாருக்காவது காட்டினீங்களா?"

"இல்லம்மா! இன்னும் என்கிட்டதான் இருக்கு!"

சல்லடை எழுந்தாள். உள்ளே போனாள். புருஷனின் லேப்டாப்போடு திரும்பி வந்தாள். இரண்டே நிமிடம்.

சுவரைக் கண்ணாடி மாதிரி காட்டும் திருட்டு சாஃப்ட்வேர் உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது!

"புலிக்கு ஒரு வருஷம் தடை," என்றாள்.

புலி எலியாகி நாற்காலியில் சுருங்கினார். தம்பி பெருமூச்சு விட்டான்.

"இரும்மா..." தலைவர் விடவில்லை. "அப்ப நத்தை எப்படிச் சுட்டான்?"

தம்பி தலை குனிந்தான்.

"மாமாதான்க்கா சொன்னாரு..."

"நானா...?"

"பக்கத்து ரூம்ல ஆடறப்போ உங்க வாய் எங்க மூடுது, மாமா? 'படிக்குக் கீழ பதுங்கிட்டேன், இனிமே எந்தக் கொம்பனும் என்னை அசைக்க முடியாது'ன்னு கத்துனீங்க. காதுல விழுந்துது. சுட்டேன்."

தலைவர் சிரித்துவிட்டார்.

"காதை வெச்சுக்கிட்டு ஆடக் கூடாதுன்னு விதி இல்லையேம்மா... விட்டுடலாமா?"

விட்டுவிடத்தான் மனசு துடித்தது. ஒரே தம்பி. ஆனால் நாளைக்கு இன்னொரு பொய்யனை எந்த முகத்தோடு கேள்வி கேட்பது?

"தண்டனை கிடையாது. ஆனா அந்த வெற்றி செல்லாது. ஃபைனல் மறுபடி நடக்கணும்."

"சரிக்கா!" தம்பி நிமிர்ந்தான். "மாமாவுக்குப் பதிலா யாரு?"

"மூணாவதா வந்தவங்க," என்றார் தலைவர்.

"மூணாவது யாரு?"

தலைவர் தயங்கினார். "உங்கக்காதாம்பா..."

தம்பியின் முகம் வெளுத்தது.

"அக்கா... என் வேலைக்கா...! கொஞ்சம் விட்டுக் குடுப்பியா?"

சல்லடை ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"விட்டுக் குடுத்தா அதுக்குப் பேரும் மோசடிதான்டா. அப்புறம் என்னை நானே விசாரிக்கணும்... எனக்கு லீவு இல்ல!"