கதவு திறந்துதான் கிடக்கிறது

திருவாதவூரில் தமிழ்மாறன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ராஜபாண்டி, மனைவி ரோகிணியோடு துக்கம் கேட்க வந்திருந்தான். தமிழ்மாறன் அவனுடைய கல்லூரிக் கூட்டாளி. ஊர் ஊராகக் கண்மாய்களைச் சுற்றிப் பார்த்து வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தவன், சொந்த ஊர்க் கண்மாயில் படம் எடுக்கப் போய்ச் சறுக்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனான்.

ராஜபாண்டிக்கு வாய் ஒரு இடத்தில் நிற்காது. கிளம்பும்போது, மாலை போட்ட படத்தைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டான்.

"போயிட்டு வாரேன் மாப்ள."

செத்தவனின் தாய் முருகம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எழவு வீட்டுல வாரேன்னு சொல்லலாமாய்யா? அவன் காத்துக் கெடப்பானே."

விவரம் கெட்ட மனுசன் என்று ரோகிணி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். அவன் சிரித்தான்.

ரோகிணிக்கு வலைப்பூக்கள் என்றால் உயிர். போனில் ஃபீட் ரீடர் வைத்திருந்தாள். பிடித்த தளங்களை அதில் சேர்த்துவிட்டால் போதும். யார் புதிதாக எழுதினாலும், காலையில் வாசலில் விழும் பேப்பர் மாதிரி தானாக வந்து விழும். வாங்கிப் படிக்கலாம், அவ்வளவுதான். பதில் பேச அதில் வழி கிடையாது. தமிழ்மாறனின் தளமும் அதில் இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம், வில்லாபுரம் வீட்டு அடுப்படியில் நின்றபடி ஃபீடைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்மாறன் பெயர் இருந்தது.

மாப்ள கெளம்பிட்டான்.

பதிவே அவ்வளவுதான். அவன் தளத்துக்கே போய்ப் பார்த்தாள். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. ராஜபாண்டி திருமங்கலத்து உரக்கடையில் வேலை முடிந்து கிளம்பும் நேரம் அது. ஏதோ கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஃபீடுக்குத் திரும்பினாள். அடுத்த பதிவு வந்திருந்தது.

ரிங் ரோட்டுல வாரான். வீட்டுப் பக்கம் திரும்பல.

சட்டியில் குழம்பு அடிப்பிடிக்கும் வாடை வந்தது. அவளால் நகர முடியவில்லை.

ஒத்தக்கடை தாண்டிட்டான்.

ஒத்தக்கடை வீட்டுக்கு வரும் வழியே இல்லை. அது திருவாதவூர் போகிற பாதை.

அந்தத் தளத்தை ஃபீடிலிருந்து நீக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் பழைய இடத்திலேயே வந்து நின்றது. ராஜபாண்டியை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தபோது எடுத்துவிட்டான்.

"எங்கங்க இருக்கீங்க?"

"நம்ம தெருவுலதான். வாசலுக்கு வந்துட்டேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

"அது நம்ம தெரு இல்லங்க. வண்டிய நிப்பாட்டுங்க. திரும்பிருங்க."

"என்ன பேசுற நீ? நம்ம வீட்டு வெளக்குத் தெரியுது." பிறகு அவன் குரல் தணிந்தது. "தெருவுல இம்புட்டுத் தண்ணி எப்படி வந்துச்சு?"

போன் அடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருவாதவூர்க் கண்மாயிலிருந்து முதலில் வண்டியைத்தான் இழுத்தார்கள்.

காரியம் முடிந்து, வந்த சனம் கலைந்த பிறகு, ஒரு மத்தியானம் ஃபீடில் புதுப் பதிவு வந்து நின்றது. எழுதியவர் பெயர் தமிழ்மாறன் இல்லை. வாழ்நாளில் ஒரு வரி எழுதியறியாத ராஜபாண்டி.

வாசல்ல நிக்கிறேன். கதவத் தொற ரோகிணி.

ஓடிப்போய்த் திறந்தாள். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"தொறந்துட்டேங்க. உள்ள வாங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் காதுக்கு அதைக் கொண்டுபோக ஒரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை. பாவம், அழுதுதான் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்துவதே இல்லை. தெரு நாய் கூட உள்ளே வந்து படுத்துவிட்டுப் போகிறது.

பதிவு மட்டும் நிற்கவில்லை.

ரொம்ப நேரமா நிக்கிறேன். ஒடம்பெல்லாம் நனைஞ்சு கெடக்கு. ஏன் தொறக்க மாட்டேங்குற?