எட்டாவது பெயர்

அறையில் மாணவர்களுக்கென்று இருந்தவை ஏழு கணினிகள்தான். ஆனால் எட்டாவதாக ஒன்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

நுஸ்ஹா தன் மேசைத் திரையை மறுபடி பார்த்தாள். கல்முனைக்குடியில், கடைகளுக்கு மேல்மாடியில் அவள் நடத்தும் வகுப்பில் எந்தக் கணினிக்கும் சொந்த நினைவு கிடையாது. போட்டவுடன் வெறுமையாக விழித்து, அலுமாரிக்குள் இருக்கும், அவள் திரையோடு இணைந்த தாய்க் கணினியிடம் தன் பெயரைக் கேட்கும். பெயர் கிடைத்தால்தான் மற்றதெல்லாம் கிடைக்கும். ஒரே பெயரை இரண்டுக்குக் கொடுத்தால் புதியது நிலைக்கும், பழையது அறுந்துபோகும். மாணவர்களுக்கு முதல் நாள் அவள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அஸர் தொழுகைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ஆறு வயது மகள் ஸஹ்றா மட்டும் ஜன்னலோரக் கணினியில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். மற்ற ஆறையும் நுஸ்ஹா நிறுத்தினாள். வயர்களைத் தடவி எண்ணினாள். ஏழு. கடல் இரைச்சலும் ஓட்டோ சத்தமும் கருவாட்டு வாடையும் ஓயாமல் வந்துகொண்டிருந்த அந்த ஜன்னலில் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, கற்பூர வாசம் மட்டும் மெல்ல உள்ளே வந்தது.

மூத்த மகளை அடக்கிய அன்று கபன் துணிக்குள் தூவிய கற்பூரம். அவளுக்குத் தெரியும். டெங்குவில் மௌத்தான மூத்தவளுக்கும் ஸஹ்றா என்றுதான் பெயர். அடுத்த வருடம் இவள் பிறந்தபோது, பெயராவது வீட்டில் இருக்கட்டும் என்று அதையே வைத்தாள். வேண்டாமென்று கணவன் மிஹ்லார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

எட்டாவது மறுபடி கேட்டது. நிமிடத்துக்கு ஒரு தடவை. கையில் ஒன்றுமில்லாமல், தான் யாரென்று தெரியாமல், இருட்டில் நின்று கேட்கிற பிள்ளை மாதிரி.

"உம்மா, வீட்ட போவமா?"

"கொஞ்சம் இரி மகள்."

தாய்க் கணினியின் சுவிச்சைத் தட்டினால் போதும், கேட்பது நின்றுவிடும். ஏழு வருடமாக அழாமல் தூங்காதவள் எப்படித் தட்டுவாள்? பெற்ற மனம் பித்து. எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தாள்.

ஸஹ்றா.

கேட்பது நின்றது.

ஜன்னலோரத் திரை அணைந்தது. கற்பூரம் மூச்சை அடைத்தது. ஒரே பெயர். இரண்டு பிள்ளைகள். யா அல்லாஹ், என்ன செய்தேன்?

மகள் மெல்லத் திரும்பினாள். அந்தக் கண்களில் ஒன்றுமே இல்லை.

"நீங்க ஆரு?"

நுஸ்ஹா எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. மேசைக்குக் கீழே இரண்டு சின்னக் கைகள், ஈரமாக, அவள் முழங்காலைக் கட்டிப் பிடித்திருந்தன.

"மகள்," என்று ஜன்னல் பக்கம் பார்த்து அழைத்தாள்.

"ஓம் உம்மா." பதில் கீழேயிருந்து வந்தது.

ஜன்னலோரத்தில் இருந்தவள், அந்நிய வீட்டில் தனியே விடப்பட்ட பிள்ளையாக, அழத் தொடங்கினாள்.