மஞ்சளாக மாறாத தண்ணீர்

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக ரோஸிக்கு வயிற்றுப்போக்கு. கோ-கோ போட்டிக்கோ இன்னும் எட்டே நாள்தான்!

"எல்லாம் அந்தப் பானிபூரியால வந்தது. போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுலயே கிட!"

ரோஸியின் அம்மா செல்வமேரி போட்ட சத்தம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் தோழி நிகத்துக்கு நன்றாகவே கேட்டது.

ரோஸி போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "சத்தியமா நான் சாப்பிடல நிகத். ஜீவானந்தம் அண்ணன் வண்டிப் பக்கமே போகல. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிகத் நம்பினாள். ரோஸியாவது, பானிபூரி சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பதாவது! எத்தனை சாப்பிட்டாள், எது ரொம்பக் காரம் என்று மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிடுவாளே! அப்படியென்றால் வேறு எதனால் வயிறு கெடுகிறது? நிகத்துக்கு அதே யோசனையாக இருந்தது.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்தத் தெருவில் இருபது வீடுகள். தெருக்காரர்களே ஒன்றுசேர்ந்து போர்வெல் போட்டு, தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்திருந்தார்கள். தெரு முனையில் தொட்டி. அடுத்து இரண்டாவதாக நிகத் வீடு. கடைசி வீடு ரோஸியுடையது.

தண்ணீரைப் பார்த்துக்கொள்பவர் சாலமன் அண்ணன். தினமும் காலையில் தொட்டியில் குளோரின் கலப்பார். பிறகு தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில், சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம் என்று அர்த்தம். உடனே நோட்டில் 'சரி' என்று எழுதுவார். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட விட்டதில்லை. யாராவது வந்தால், கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதுபோல அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டிக் காட்டுவார்.

மறுநாள் காலை நிகத் தொட்டியடிக்கு வந்தபோதும் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகத்தான் மாறியது.

"அண்ணா, ஏன் எப்பவும் இந்தக் குழாயிலயே பிடிக்கறீங்க?"

"இதுதான் கைக்குக் கிட்ட கீது. எங்க புடிச்சா இன்னா? எல்லாம் ஒரே தொட்டித் தண்ணிதானே?"

"ஒரே தண்ணின்னா ரோஸி வீட்டுலயும் மஞ்சள் வரணும்ல? பாத்துட்டு வரலாமா?"

சாலமன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "உனுக்கு ஸ்கூல் இல்ல?"

"இன்னிக்கு சனிக்கிழமைண்ணா."

தப்பிக்க வழியில்லை. சாலமன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ரோஸி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டார். குலுக்கினார். நிகத் பத்து வரை எண்ணினாள். தண்ணீர் நிறமே மாறாமல் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் மாறவில்லை.

சாலமன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ, ரெண்டு வருஷமா சரி, சரின்னு எழுதிகினு இருந்தேனே!"

அவர் முகத்தைப் பார்க்க நிகத்துக்குப் பாவமாக இருந்தது. "எழுந்திருங்கண்ணா. அங்க மஞ்சள் வருது, இங்க வரல. அப்போ நடுவுலதான் என்னவோ ஆகுது. ஒவ்வொரு வீடா பாத்துடுவோம்."

பத்தாம் வீட்டில் மஞ்சள். பதினைந்தில் மஞ்சள். பதினேழிலும் மஞ்சள். பதினெட்டில் இல்லை! அந்த வீட்டுக்காரர்களும் பத்தொன்பதாம் வீட்டுக்காரர்களும் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள். செல்வமேரி எப்போதும் வெந்நீர்தான் குடிப்பாள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்து மாட்டிக்கொண்டது ரோஸிதான்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே, சாக்கடைக்குள் இறங்கித்தான் குழாய் போயிற்று. சாலமன் மூடியிருந்த சிமென்ட் பலகையை நகர்த்தினார். குழாயின் இணைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்! தண்ணீரை நிறுத்திய நேரமெல்லாம் சாக்கடை அதன் வழியாக உள்ளே புகுந்து, குளோரினையெல்லாம் தீர்த்திருக்கிறது.

"உவ்வே! இதையா குடிச்சோம்?" என்று மூக்கைப் பொத்திய செல்வமேரி, அடுத்த நிமிடம் உள்ளே ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள். "என் கண்ணு, உன்னைப் போயி திட்டிட்டேனே!"

"நான்தான் சொன்னேன்ல?" என்றாள் ரோஸி. வயிறு வலித்தாலும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சாலமன் அப்போதே தண்ணீரை நிறுத்தினார். செல்வமேரி மகளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். திங்கட்கிழமை புதுக் குழாய் வந்தது, இந்தத் தடவை சாக்கடைக்கு மேலே. குழாயைக் கழுவி, குளோரின் விட்டு, மறுபடி ரோஸி வீட்டில் தண்ணீர் பிடித்துப் பார்த்தார்கள்.

"மஞ்சள்!" என்று ரோஸி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

சாலமன் ஸ்கேல் வைத்து நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டார். தலைப்பில் 'கடைசி வீடு' என்று எழுதினார்.

சனிக்கிழமை போட்டியில் ரோஸி ஓடு ஓடென்று ஓடினாள். அவள் பள்ளிக்கு இரண்டாம் பரிசு. திரும்பி வரும் வழியில், செல்வமேரி தானாகவே பானிபூரி வண்டி முன்னால் நின்றாள்.

"இன்னாக்கா, என் பானிபூரிய அந்தத் திட்டு திட்டினியாமே?" என்றார் ஜீவானந்தம்.

"தப்புதான்பா. இவங்க ரெண்டு பேருக்கும் போடு."

நிகத் மட்டும் தட்டை வாங்கவில்லை. "அண்ணா, தண்ணி எங்க பிடிச்சீங்க?"

"உங்க தெரு கடைசி வூட்டு குழாயிலதான். அந்தத் தண்ணியத்தானே டெய்லி டெஸ்ட் பண்றாங்க?"

நிகத் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டாள்.

ரோஸி அன்று சாப்பிட்டது பதினோரு பானிபூரி. அதில் ஏழாவதுதான் ரொம்பக் காரம் என்று திங்கட்கிழமை வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.