அம்மாவைச் சலவைக்குப் போட்டார்

ஞாயிற்றுக்கிழமை என்றால் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு ஒலிச்சலவைதான். பழைய கேசட், சிடி, செத்துப்போன செல்போன், எதில் சத்தம் இருந்தாலும் வீட்டுக்கொன்றாகக் கொடுத்திருக்கும் சலவைப் பெட்டிக்குள் போட்டு டிஜிட்டல் கோப்பாக மாற்றிவிட வேண்டும். வெளுக்காத சத்தத்தைப் பதுக்கி வைத்தால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். இதற்கு ஒரு சட்டம், அந்தச் சட்டத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு வேறு. கருமம், காலையிலிருந்து அதையே போட்டு உயிரை எடுப்பார்கள்.

அந்தத் தெருவில் கடைசி ஆளாகப் பரஞ்சோதி பெட்டி முன்னால் உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். கையில் ஒரே ஒரு சினிமாப் பாட்டு கேசட். அதன் விளிம்பில் இருந்த ஓட்டையைச் சின்ன வயதில் அவரே செல்லோடேப் ஒட்டி அடைத்திருந்தார். கடையில் வாங்கிய கேசட்டில் நம் குரலைப் பதிய அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்த திருட்டு வேலை அது. மூன்றாவது பாட்டின் நடுவே அவர் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அமுக்கியதுதான் தாமதம், அடுக்களையிலிருந்து அம்மா செல்லத்தாயி ஓடிவந்து போட்ட கூச்சலும் நாடாவில் ஏறிவிட்டது.

"ஏலே எரும! அந்தப் பட்டன எதுக்குல அமுக்குத? பாட்டு அழிஞ்சிரும்லா!"

மறு வருஷமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு வசவுதான்.

"எல்லாத்தையும் அப்படியே எடுக்குமாம்மா இது?" என்று மகள் நிறைமதியிடம் கேட்டார்.

"எடுக்கும்ப்பா. இன்னையோட கெடு முடியுது. வீட்ட இருட்டாக்கிராதீய."

பெட்டி கேசட்டை விழுங்கியது. ஒரு சத்தத்துக்கு ஒரே பிரதி என்பதும் சட்டம். அதனால் கோப்பு தயாரானதும் நாடாவைப் பெட்டியே வெறுமையாக்கிவிட்டது. பரஞ்சோதி மூன்றாவது பாட்டை ஓடவிட்டார். சுத்தமான பாட்டு. அம்மா ஓடிவர வேண்டிய இடத்தில் வயலின் வழுக்கிக்கொண்டு போனது.

"ஆல்பம் அடையாளம் காணப்பட்டது," என்றது பெட்டி. "மூன்றாம் பாடலின் மேல் படிந்திருந்த இரைச்சல் நீக்கப்பட்டு, விடுபட்ட இசை நிரப்பப்பட்டது."

"இரைச்சலா? எங்கம்மய இரைச்சல்ங்கியே, நீ வெளங்குவியா?"

பெட்டியை அறைந்தார். கைதான் வலித்தது. நிறைமதி பதறிப்போய் நிறுவனத்துக்குப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"கழிச்ச சத்தம் திரும்ப வராதாம்ப்பா. ஆனா அதுல மனுசக் குரல் இருந்தா குரலச்சு எடுத்து வச்சுக்கிடுவாங்களாம். அந்த அச்ச வச்சு ஆச்சி குரல நம்ம பேசுற அடுப்புக்கே போட்டுத் தாராங்களாம்."

அழுக்குத் தண்ணீரையும் வடிகட்டி விற்கிற கூட்டம். சீ என்று வந்தது அவருக்கு. ஆனாலும் ஆசை யாரை விட்டது? சரி என்றார்.

மத்தியானம் அடுப்பு வாய் திறந்தது.

"வணக்கம் ஐயா. தங்கள் சோறு தயாராகிவிட்டது. உண்டு மகிழுங்கள்."

அவளேதான். கடைசி எழுத்தில் தட்டுகிற கரகரப்புகூட அப்படியே இருந்தது. செல்லத்தாயி வாயில் 'தங்கள்' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. "கொட்டிக்கோ மூதி" என்றுதான் தட்டை வைப்பாள். பிணத்துக்குப் பவுடர் அடித்து, வாசலில் நிறுத்திக் கும்பிடு போடச் சொன்ன மாதிரி இருந்தது பரஞ்சோதிக்கு. ஆனாலும் அடுப்பருகே குனிந்தார்.

"எம்மா... ஒரே ஒரு தடவ 'ஏலே எரும'ன்னு சொல்லும்மா."

"மன்னிக்கவும் ஐயா. அது இழிசொல். இந்தக் குரலில் அனுமதி இல்லை."

"அப்பா, வேண்டாம்ப்பா. அணைச்சிருங்க," என்றாள் நிறைமதி. அவளுக்கே பொறுக்கவில்லை.

அடுப்பிலும் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதில் விரலை வைத்தார். அணைத்தால் இந்தக் குரலும் இல்லை. இதைப் போய் விடமுடியாமல் நிற்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தார். யாரும் ஓடிவந்து திட்டவில்லை.

"அணைக்க விரும்புகிறீர்களா, ஐயா?" என்று அம்மா மரியாதையாகக் கேட்டாள்.