லட அனை

காலை ஆறு மணிக்குக் குடைவூரில் பதினோராயிரம் பேர் கட்டைவிரலால் மோதிரவிரலின் நடுக்கணுவைத் தொட்டார்கள். பாதிப் பேர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அடுத்த நொடியே அவரவர் உறவுக்காரர், பக்கத்து அறைக்காரர், மேலதிகாரி, மேலதிகாரியின் மாமனார் என்று அத்தனை பேர் உள்ளங்கையிலும் தோலுக்கடியில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன: லட அனை. அதைப் பெற்றவர்களின் கட்டைவிரலும் தானாகவே மோதிரவிரலைத் தேடிப் போனது. செவ்வாயின் தரைக்கு நூற்றிருபது மீட்டர் கீழே, வானமே பார்க்காத அந்த ஊரில் பொழுது விடிவது இப்படித்தான்.

விரற்பலகை என்று அதற்குப் பெயர். ஐந்து வயதானதும் ஒவ்வொருவர் கைக்குள்ளும் பதித்துவிடுவார்கள். பூமியிலிருந்த முன்னோர்கள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அதே கணக்குதான். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக மொத்தம் பன்னிரண்டு குறுக்கு விசைகள். ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டால் ‘சரி’ என்று போகும். சுண்டுவிரலைத் தொட்டால் வந்த செய்தி அப்படியே இன்னும் நூறு பேருக்குப் பகிரப்படும். மோதிரவிரலின் நடுக்கணு ‘லட அனை’. கல்யாணமா, காரியமா, பதவி உயர்வா, பல்வலியா, எதற்கும் பொருந்தும். சொந்தமாக ஒரு வரி எழுதுவதற்கும் வழி இருந்தது. யார் மெனக்கெடுவது?

லட அனை என்றால் என்ன என்பதில் ஊரின் புலவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. ‘அனை’ என்பது அன்னையின் சுருக்கம் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னால் வடக்குக் கூடத்தில் அறுபத்திரண்டு பேர் இறந்தபோது, ஊரைக் குடைந்த முதல் பொறியாளர் பரஞ்சோதி கடைசியாக அனுப்பிய சொற்கள் அவை. சாகும் நேரத்தில் ஊரை வாழ்த்திவிட்டுப் போனார் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூடம் ஏன் அழிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ விண்கல் விழுந்து அதிர்ந்தது என்று பள்ளிப் பாடத்தில் இருந்தது.

இப்போது ஊருக்குள் இடம் போதவில்லை. ஊர் மன்றம் வடக்குக் கூடத்தைத் திறந்து, சுவரைப் புதிதாகச் செதுக்கி, நாற்பத்திரண்டு வீடுகள் கட்டிவிட்டது. அதில் ஒன்று நன்முல்லையின் தங்கை அல்லிக்குக் கிடைத்தது. அன்று அவளுக்குப் புகுமூச்சு. புதுவீட்டில் சொந்தபந்தமெல்லாம் கதவை இறுக மூடிக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை பேசாமல் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டும். அப்போதுதான் வீடு அவர்களுடையதாகும். நல்ல நாள் அது ஒன்றுதான் என்பதால் நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

“நீ இல்லாம எப்படிக்கா?” என்று அல்லி காலையிலேயே குரலில் அழைத்துவிட்டாள்.

“மன்றத்து வேலைடி. சாயங்காலம் விழாவுல பரஞ்சோதியோட கணினியக் காட்டணுமாம். கதவு திறக்கறப்போ வாசல்ல நிப்பேன், போதுமா?”

“பாப்பாவுக்கு நீ குடுத்த மஞ்சச் சட்டதான் போட்டிருக்கேன்.”

“உங்க அத்த என்ன சொல்றாங்க?”

“சாங்கியத்துல ஒண்ணு குறைஞ்சாலும் ஆடித் தீத்துடுவாங்க. நான் வாயே தொறக்கல.”

இருவரும் சிரித்தார்கள். அல்லியைக் கையில் வாங்கி வளர்த்தவள் நன்முல்லைதான். எட்டு மாதக் குழந்தையோடு ஒரே அறையில் ஆறு பேர் முட்டிக்கொண்டு கிடந்த தங்கைக்குத் தனி வீடு கிடைத்ததில் அவளுக்கு உண்மையாகவே மனம் நிறைந்திருந்தது.

நன்முல்லை ஆவணக் காப்பகத்தில் பழம்விசை வாசிப்பாளர். விசைப்பலகை என்ற ஒன்றை இரண்டு கையாலும் தட்டத் தெரிந்தவர்கள் ஊரில் மூன்றே பேர், அவர்களில் அவள் ஒருத்தி. வடக்குக் கூடத்தின் பழைய அறை ஒன்றில் மூன்று நாளுக்கு முன் கிடைத்த மடிக்கணினி அவள் மேசைமேல் இருந்தது. அதை உயிர்ப்பித்து, பரஞ்சோதி ‘லட அனை’ எழுதிய திரையைப் படமெடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மின்சாரம் கொடுத்துச் சீராக்கவே பத்தே முக்கால் ஆகிவிட்டது. இடையில் உள்ளங்கை நாலைந்து முறை துடித்தது. புகுமூச்சு நாளில் வாழ்த்துகள் வந்து குவிவது வழக்கம். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் ஒவ்வொன்றுக்கும் மோதிரவிரலைத் தொட்டு அனுப்பினாள்.

திரை மங்கலாக விழித்தது. எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு சூரியப் படம் போட்ட விசையைத் தட்டினாள். வெளிச்சம் கூடியது. பிறகு ஆல்ட்டை அழுத்தியபடி டேபைத் தட்டினாள். இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. முதலாவதில் மனைவிக்குத் தமிழில் ஒரு கடிதம், பாதியில் நின்றிருந்தது.

‘...வடக்குப் பக்கம் எல்லாருக்கும் தலைவலி. ஆளில்லாத நேரத்தில் சோதித்தால் காற்று சரியாக இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு நாங்கள் உள்ளே இருந்தால் சுவர் சிவக்கிறது. எங்கள் மூச்சின் ஈரம் பட்டுப் பாறை துருப்பிடிக்கிறதோ என்று சந்தேகம். புதிதாகச் செதுக்கிய பாறை என்றால் கேட்கவே வேண்டாம். துரு ஏற ஏற உயிர்வளியைக் குடித்துவிடும். நாளைக்கு’

அதோடு சரி. அவள் அடுத்த சன்னலுக்குத் தாவினாள். அது அபாயச் செய்தி அனுப்பும் சன்னல். தலைப்பில் ஒரு குறிப்பு இருந்தது: ஆங்கிலத்தில் மட்டும் எழுதவும். அந்தக் காலக் கட்டுப்பாட்டு இயந்திரத்துக்கு வேறு மொழி தெரியாது. அதன் கீழே, ஊரே வணங்கும் அந்தச் சொற்கள் இருந்தன. லட அனை. லட அனை. லட அனை.

ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் எதற்குத் தமிழில் வாழ்த்து? நன்முல்லை விசைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு எழுத்துகள் பொறித்திருந்தன, ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். எது விழ வேண்டும் என்பதை மொழி விசை தீர்மானிக்கும். அதை ஒருமுறை தட்டினால் தமிழ், மறுமுறை தட்டினால் ஆங்கிலம். தட்ட மறந்தால் எழுதுவதெல்லாம் கோணல்மாணலாக விழும். பழங்காலத்தில் தமிழ் தட்டச்சு செய்த ஒவ்வொருவரும் தினம் ஒரு தடவையாவது இதில் மாட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வார்களாம்.

திரையின் மூலையில் ‘த’ என்று காட்டியது.

ல பொறித்த விசையில் ஆங்கில எழுத்து ‘என்’ இருந்தது. ட விசையில் ஓ. அ விசையில் ஏ. ‘னை’ விழ வேண்டுமென்றால் ன, ஐ இரண்டையும் அடுத்தடுத்து அடிக்க வேண்டும். ன விசையில் ஆங்கில ஐ இருந்தது. தமிழ் ஐ விசையில் ஆர். அவள் மொழி விசையைத் தட்டிவிட்டு, அதே விசைகளை அதே வரிசையில் அடித்தாள். திரையில் விழுந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

“நோ ஏர்.”

காற்று இல்லை. மூன்று முறை அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். கடிதத்திலிருந்து தாவிய அவசரத்தில் ஒரு விசையைத் தட்ட மறந்திருக்கிறார். நன்முல்லை நேரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று பத்து. அல்லி கதவை மூடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மன்றத்தின் குடியேற்ற அலுவலர் தணிகைவேலைக் குரலில் பிடித்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“என்னம்மா சொல்றீங்க? ஊரே சொல்ற வாழ்த்து, காத்து இல்லங்கற அபாயச் செய்தியா?”

“சார், அதுக்கு அப்புறம் வாதாடலாம். கதவத் திறக்கச் சொல்லுங்க முதல்ல.”

“ஒரு மாசம் சோதிச்சோம். காத்து அருமையா இருக்கு.”

“ஆளில்லாமத்தான சோதிச்சீங்க?”

“புகுமூச்ச நடுவுல கலைச்சா நாற்பத்திரண்டு குடும்பமும் என்னைச் சும்மா விடுமா? பன்னெண்டுக்கு அவங்களே திறந்துடுவாங்க. நீங்க ஒரு அறிக்கையா எழுதி அனுப்புங்க, பாக்கறேன்.”

அவள் அறிக்கை எழுதவில்லை. விரற்பலகையின் எழுத்துமுறையைத் திறந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் ஊர் முழுமைக்கும் அனுப்பினாள்: ‘வடக்குக் கூடத்தில் மூச்சுக்காற்று தீர்கிறது. உடனே கதவுகளைத் திறந்து வெளியே வாருங்கள்.’ அனுப்பிய கையோடு வண்டிப் பாதைக்கு ஓடினாள்.

ஓடும்போதே உள்ளங்கை துடிக்கத் தொடங்கியது. பதில்கள்! படித்துவிட்டார்கள் என்று அவளுக்கு உயிர் வந்தது. கையை விரித்தாள். லட அனை. லட அனை. சரி. லட அனை. ஆயிரக்கணக்கான பேர் அதைச் சுண்டுவிரலால் பகிர்ந்துமிருந்தார்கள். இரண்டாயிரம் பேரிடமிருந்து அவளுடைய எச்சரிக்கை அவளுக்கே திரும்பி வந்தது. அப்படி அனுப்பியவர்களில் தணிகைவேலும் ஒருவர். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

சுரங்க வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கண் இல்லையா இவர்களுக்கு? எழுத்துக்கூட்டிப் படிக்க அரை நிமிடம் ஆகுமா? கண் எதற்கு, விரல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டதா? எதிரில் இருந்த பெண் அவளைப் பார்த்துப் புன்னகைத்து, மோதிரவிரலைத் தொட்டாள். வடக்குக் கூடத்துக்கு இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. நன்முல்லை அல்லியைக் குரலில் அழைத்தாள். எடுக்கவில்லை. புகுமூச்சில் பேசக் கூடாது. மறுபடி அழைத்தாள். மறுபடி.

எச்சரிக்கையை அல்லியாவது படித்தாளா என்று பார்க்க, அவளோடு பேசிய பக்கத்தை உள்ளங்கையில் திறந்தாள். எச்சரிக்கை யாரும் தொடாமல் கடைசியில் கிடந்தது. அதற்கு மேலே காலை பத்து நாற்பதுக்கு வந்த ஒரு செய்தி இருந்தது. அல்லி எந்தக் குறுக்கு விசையையும் தொடவில்லை. எழுத்தெழுத்தாக எழுதியிருந்தாள்.

‘அக்கா, எல்லாருக்கும் தலை சுத்துது. சுவரெல்லாம் செவப்பா ஆகுது. பாப்பாவ எழுப்பினா கண்ணத் திறக்க மாட்டேங்குது. கதவத் திறக்கலாம்னா அத்தை சாங்கியம் கெட்டுடும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீ சொன்னா திறந்துடறேன். திறக்கட்டுமா?’

அதன் கீழே, அதே பத்து நாற்பதுக்கு, நன்முல்லை அனுப்பிய பதில் இருந்தது.

‘லட அனை.’

அதற்கும் கீழே அல்லி எழுதியிருந்தாள்.

‘சரிக்கா. அப்ப மூடியே வைக்கறோம்.’