ஒன்பது நிமிடப் பாடம்

காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா பாடத்துக்கு உட்கார்ந்தால், எட்டு மணிவரை கோவை பீளமேட்டு அலுவலகத்தில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி பள்ளிப்பிள்ளை மாதிரி தினமும் படிக்கிறாளே என்று தெருவில் யாரும் சிரிப்பதுமில்லை. மென்பொருள் தொழிலில் மனிதருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

நிரல் எழுதுவதையெல்லாம் ‘வரைவி’ என்ற இயந்திரம் பார்த்துக்கொண்டது. ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. உயிரோடிருக்கும் ஒரு மனிதருக்காவது புரியாத நிரல் எதுவும் ஓடக் கூடாது. அப்படிப் புரிந்து வைத்திருப்பவருக்குப் ‘புரிநர்’ என்று பெயர். வரைவி செய்யும் மாற்றங்களை வாரம் முழுக்கப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை தேர்வாளர் முன்னால் புரிநர் தன் சொந்த வார்த்தைகளில் விளக்க வேண்டும். முடிவில் தேர்வாளர் கேட்பது ஒரே கேள்வி: உங்களுக்குப் புரிந்ததா? ஆமாம் என்றால் மாற்றம் ஓடும். இல்லை என்றால் பழையதே ஓடும்; நிறுவனத்தின் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழும்.

ஜெசிந்தாவும் நாச்சிமுத்துவும் சேர்ந்து தொடங்கிய ஸ்டார்ட்அப், வால்பாறை மலைச்சாலைகளில் ஆம்புலன்ஸ்களை அனுப்பிவந்தது. எந்த அழைப்புக்கு எந்த வண்டி என்பதை அவர்களுடைய தரவு அமைப்பு முடிவு செய்யும். பதினோரு மாதமாக ஒரு புள்ளி இல்லை. வருடம் சுத்தமாக முடிந்தால் நீலகிரி மலையின் ஆம்புலன்ஸ் ஒப்பந்தமும் அவர்கள் கைக்கு வரும். அந்தப் பெருமை ஜெசிந்தாவுக்குத் தலைக்கேறித்தான் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதைத்தான் பேசினாள்.

அந்தப் புதன்கிழமை பாடம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. போன வாரமும் அப்படித்தான். பாடம் ஏன் இவ்வளவு சுலபமாகிவிட்டது என்று வரைவியிடம் விளையாட்டாகக் கேட்டாள். அவளோடு பேசிப் பேசி அவள் பேச்சையே பிடித்துவைத்திருந்தது அது.

“உங்களுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சா நான் அனுப்பறதில்லீங்க. அனுப்புனா புள்ளி விழுந்துரும்.”

அப்படி அது நிறுத்திவைத்த மாற்றம் ஒன்றே ஒன்று, ஒன்பது மாதமாக. மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். தான் எங்கே இருக்கிறேன் என்று வண்டி அனுப்பும் செய்திகள் நடுவழியில் தேங்கி, முன்பின்னாக வந்து சேரும். இருபது நிமிடப் பழைய செய்தியைப் புதியதென்று நம்பி, அமைப்பு தூரத்து வண்டியை அனுப்பிவிடும். எந்த வளைவிலிருந்து வரும் செய்தியை எவ்வளவு நேரம் கழித்து நம்பலாம் என்று கணிக்க வரைவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அது ஓடியிருந்தால், இதுவரை முப்பத்தொரு அழைப்புகளுக்கு வண்டி சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னால் போயிருக்கும்.

அந்த நோயாளிகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பாடத்தை இந்த வெள்ளிக்கிழமைக்கே வைக்கச் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். ஒரு மாதம் பொறுத்துக்கொண்டால் நீலகிரி வந்துவிடும், அதற்கப்புறம் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நயமாகத்தான் சொன்னான். அவன் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை.

“ஒரு மாசத்துல எத்தன பேருக்கு வண்டி லேட்டாப் போகும் முத்து?” என்று கேட்டாள்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “அப்ப எப்படியாச்சும் பாஸாயிருங்க்கா” என்றான் கடைசியில்.

இரண்டு நாள் வீட்டுக்குப் போகாத குறையாகப் படித்தாள். வரைவி நூறு விதமாக விளக்கியது. ஊரடங்கிய பின் வரும் பஸ், வராத தபால், இட்லிக்கு மாவு புளிப்பது என்று அவளுக்குப் பிடித்த உதாரணங்களாகவே எடுத்துப் போட்டது. வெள்ளிக்கிழமை அவள் தேர்வாளர் முன்னால் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தாள். திரையில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையாச் சொன்னீங்க. உங்களுக்குப் புரிந்ததா?”

ஆமாம் என்ற வார்த்தை நாக்குநுனியில் இருந்தது. சொன்னால் ஒன்பது நிமிடமும் கிடைக்கும், நீலகிரியும் கிடைக்கும். ஆனால் மாவு உதாரணம் யாருடையது? வரைவி அவள் குரலில் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான். நாளைக்கு அந்தக் கணிப்பு ஏதோ ஒரு வளைவில் தப்பினால், தப்பியது என்று கண்டுபிடிக்க அவளால் முடியாது. இந்தப் பதினோரு மாதத்தில் எத்தனை ஆமாம் இந்த மாதிரி என்று நினைத்ததும் அவளுக்குக் கூசிப்போனது.

“இல்லைங்க. புரியல.”

புள்ளி விழுந்தது. நாச்சிமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். விளக்கம் எதுவும் வேண்டாம், உதாரணமும் வேண்டாம் என்று வரைவியிடம் சொன்னாள்.

“அந்த முப்பத்தொரு அழைப்பக் குடு. பேரோட.”

“அது பாடத்துல இல்லீங்களே.”

“தெரியும். குடு.”

பெயர், கூப்பிட்ட நேரம், வண்டி உண்மையில் நின்ற இடம், நின்றதாக அமைப்பு நம்பிய இடம், போய்ச் சேர்ந்த நேரம், ஆள் என்ன ஆனார். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சாலையை வரைந்து, வண்டியை வைத்து, செய்தி எந்த வளைவில் மாட்டியது என்று தானே தேடிப் பார்த்தாள். ஆறாவது பெயரில் அழுதாள். பத்தாவதில் போட்ட கணக்கு தப்பி, அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

பதினான்காவது பெயரில் பாடம் புரிந்துவிட்டது. மீதிப் பதினேழு பெயர்களையும் அவள் படித்தாள்.